டூசே வம்சாவளியைத் தொகுப்பவர்களுக்கு: தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள்

அகேடியாவின் (இன்றைய கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் இருந்த பழைய பிரெஞ்சுக் குடியேற்றம்) டூசே குடும்பச் சங்கங்களுக்கும், அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுத்து அச்சிடும் அன்பர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களுக்குச் சம்பந்தி முறை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், மோங்டனில், ஒரு டூசே வீட்டுப் பெண்ணை என் மகன் கட்டியிருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்குத் தாய்வழிச் சொந்தம் நீங்கள்தான். குடும்பச் சந்திப்புக்காக அச்சடித்த வம்சாவளிப் படம் ஒன்று அவர்கள் வீட்டுக்கு வந்தது. கூடத்துச் சுவரில் பாதியை அடைக்கும் அளவுக்குப் பெரியது. அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதத் தோன்றியது. எனக்குக் கை வருவது தமிழ்தான்; பிரெஞ்சில் ஆக்கித் தருவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. மூலப்பத்திரம் இல்லாத சொத்துக்கு, பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார் என்று யாராவது ஒரு பழைய உரிமையாளரை எழுதிக்கொண்டு வந்தால் நாங்கள் என்ன செய்வோமோ, அதையே உங்கள் படத்துக்கும் செய்யத் தோன்றுகிறது.

படத்தின் உச்சியில் 'லா வெர்துர்' என்ற பட்டப்பெயரோடு ஜெர்மேன் டூசே இருக்கிறார். அவருக்கு மேலே அப்பா, அம்மா பெயர்கள், பிறந்த தேதிகள், பிரான்சில் ஓர் ஊர். பக்கத்தில் மனைவி மரி பூர்ஷுவா. கீழே பியர், சின்ன ஜெர்மேன் என்று இரண்டு மகன்கள், ஒரே தடிமனில் இரண்டு கோடுகள். இந்த உச்சிப் பகுதியில் ஆவணம் தாங்குவது பெரிய ஜெர்மேனை மட்டும்தான்; அவரைச் சுற்றிப் போட்ட உறவுக் கோடுகளை அல்ல.

அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1640-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று அவரை பிரீ நாட்டில் பிறந்தவர் என்றும், பெந்தகுவே கோட்டையின் காவற்படைத் தலைவர் என்றும் சொல்கிறது. பிரீ என்பது பாரிஸுக்குக் கிழக்கே உள்ள பகுதி, பாலாடைக்கட்டிக்குப் பேர்போனது. பெந்தகுவே இன்றைய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் காஸ்டின். அகேடியாவின் ஆளுநர் சார்ல் தெ மெனு தோனே 1650 மே மாதம், அதன் தலைமையிடமான போர்ட் ராயல் அருகே படகு கவிழ்ந்து இறந்துபோனார். அவருடைய சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளர்களில் ஒருவராக டூசே இருந்தார். 1654 ஆகஸ்டில் ராபர்ட் செட்ஜ்விக் தலைமையில் ஆங்கிலேயர்கள் போர்ட் ராயலை முற்றுகையிட்டபோது, கோட்டையை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். குடியிருப்பவர்கள் தங்கள் நிலத்தோடும் மதத்தோடும் இருந்துகொள்ளலாம், கோட்டைப் படையினர் பிரான்சுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்குப் பிறகு அகேடிய ஆவணங்களில் பெரிய ஜெர்மேன் இல்லை.

சரி, அப்பா அம்மா பெயர் எங்கிருந்து வந்தது? 1640 ஆவணம் சொல்லும் ஊர்ப்பெயரின் எழுத்து ஒவ்வொரு நகலிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒத்த ஓசையுள்ள ஓர் ஊரைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்துப் பழைய பதிவேட்டில் ஒரு டூசேயைப் பார்த்து, அவரை இவருக்கு அப்பாவாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிரான்சில் ஞானஸ்நானப் பதிவை 1539-லேயே அரசாணை கட்டாயமாக்கியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டாம் பிரதி வைக்க வேண்டும் என்ற ஆணை 1667-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு கோயில் ஏடு எரிந்தாலோ பூச்சி அரித்தாலோ, போனது போனதுதான்.

ஊர் விஷயத்தில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மொழியியல் ஆய்வாளர் ழெனெவியேவ் மாசின்யோன், ஆளுநர் தோனேயின் குடும்பச் சொத்துகள் இருந்த, பிரான்சின் லூதன் வட்டாரத்து ஊர்களின் பழைய பதிவேடுகளில் அகேடியக் குடும்பப் பெயர்கள் பல வருவதைக் காட்டினார். நல்ல ஆய்வு. அதைப் பிடித்துக்கொண்டு, ஊர் தெரியாத ஒவ்வொருவருக்கும் லூதன் என்று எழுதும் வழக்கம் வந்துவிட்டது. பெயர் ஒற்றுமை, தேடத் தொடங்க ஓர் இடம் காட்டும். அவ்வளவுதான். டூசேக்கு அதுவும் பொருந்தாது. அவரைப் பிரீக்காரர் என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது.

பட்டப்பெயரிலும் ஒரு பள்ளம். லா வெர்துர் என்று அகேடியாவில் இன்னொருவரும் இருந்தார். 1657-ல் ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் டெம்பிளோடு வந்த பியர் லாவெர்துர் அவர். அவருடைய மகன்கள்தான் மெலான்சோன் குடும்பத்தின் முதல்வர்கள். அவர் புராட்டஸ்டன்ட், மனைவி பிரிசில்லா ஆங்கிலப் பெண். இரண்டு லாவெர்துர்களையும் ஒருவராக்கிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் படம் அந்தப் பள்ளத்தில் விழவில்லை, அதற்குப் பாராட்டு.

அடுத்தது மரி பூர்ஷுவா. 1654 ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: உறுதிக்காகத் தன் மைத்துனரும் துணைத் தலைவருமான பூர்ஷுவாவைப் பிணையாகக் கொடுக்கிறார் டூசே. இவர்தான் அறுவை மருத்துவர் ஜாக் பூர்ஷுவா, பிற்காலத்தில் போபாசான் குடியேற்றத்தைத் தொடங்கியவர். இந்த ஒரு வரியிலிருந்துதான் டூசேயின் மனைவி ஒரு பூர்ஷுவா பெண் என்று படத்தில் ஏறியிருக்கிறது. ஜாக், டூசே மனைவியின் தம்பியாக இருந்திருக்கலாம். டூசேயின் தங்கை கணவராக இருந்திருக்கலாம். சகலையாகவும் இருந்திருக்கலாம், ஜாக்கின் மனைவி ழான் திராஆன், அவளுடைய சகோதரியை டூசே கட்டியிருந்தால் அதுவும் சரியாகவே வரும். பிரெஞ்சில் இந்த எல்லா முறைக்கும் ஒரே சொல்தான்; எந்த முறை என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. மரி என்ற பெயரோ எங்குமே இல்லை. அந்தக் காலத்தில் பாதிப் பெண்களுக்கு மரி என்று பெயர் என்பதால் யாரோ துணிந்து வைத்துவிட்டார் போலிருக்கிறது!

இப்போது கீழே உள்ள இரண்டு மகன்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

போர்ட் ராயல் கோயில் பதிவேடுகளில் மிஞ்சியிருப்பவை 1702-லிருந்துதான் தொடங்குகின்றன. 1630-களில் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து எழுபது ஆண்டு ஞானஸ்நானமும் திருமணமும் கையில் இல்லை. அந்த இடைவெளியில் நமக்கு இருப்பது 1671 கணக்கெடுப்பு. பிரான்சிஸ்கன் துறவி லோரான் மொலேன் வீடு வீடாகப் போய் எடுத்தது. மொத்தம் சுமார் 400 பேர். அவர் பட்ட பாடு அந்த ஏட்டிலேயே இருக்கிறது. எத்தியென் ரோபிஷோ அவரைப் பார்க்கவே மாட்டேன் என்று வீட்டை விட்டுப் போய்விட்டார். மாட்டுக் கணக்கும் நிலக் கணக்கும் சொல்ல முடியாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். பீப்பாய் செய்யும் பியர் லானூ, தான் நலமாக இருப்பதாகச் சொல்லி, வயதைச் சொல்ல மறுத்தார். தையல்காரர் பியர் மெலான்சோனும் மறுத்தார். அவர் மனைவி, இதற்காகவா தெருத் தெருவாக அலைகிறீர், உமக்கென்ன பைத்தியமா என்று கேட்டிருக்கிறார். பாவம், அதையும் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார் அந்தத் துறவி. தெரியாததைத் தெரியாது என்று விட்ட அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அந்த ஏட்டில் பியர் டூசே 50 வயதுக் கொத்தனார். ஜெர்மேன் டூசே 30 வயது உழவர், மனைவி மரி லாந்திரி. கவனியுங்கள்: மனைவியர் எந்த வீட்டுப் பெண் என்று ஏடு சொல்கிறது, ஆண்களின் அப்பா யார் என்று சொல்வதில்லை. பெரிய ஜெர்மேன் ஊரைவிட்டுப் போய் 17 ஆண்டு ஆகியிருந்தது. அண்ணன் தம்பி என்று சொல்லப்படும் இருவருக்கும் 20 வயது இடைவெளி.

பிறகு எப்படித்தான் உறவு கண்டுபிடித்தார்கள்? மோங்டன் பல்கலைக்கழகத்தின் அகேடிய ஆய்வு மையத்தில் ஸ்டீபன் வைட் பல ஆண்டு உழைத்து, 1999-ல் வெளியிட்ட வம்சாவளி அகராதியில் செய்ததைப் போலத்தான்: கணக்கெடுப்பு, நில ஆவணம், உறவுக்குள் மணம் முடிக்கத் திருச்சபை தந்த விதிவிலக்கு என்று எல்லாவற்றையும் இழைத்துப் பார்த்து. மணமக்கள் இருவருக்கும் எள்ளுத் தாத்தா ஒருவராக இருந்தால்கூட, அந்தக் காலத்துக் கத்தோலிக்கச் சட்டப்படி அந்தத் திருமணத்துக்கு விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. எத்தனையாவது படி உறவு என்பதையும் பாதிரியார் எழுதுவார். அத்தை மகளை முறைப்பெண் என்று கட்டிக்கொள்ளும் எங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஆய்வாளருக்குப் புதையல். ஒரு குறைதான்: ஊரார் எதை உறவு என்று நம்பினார்களோ அதைத்தான் பாதிரியாரும் எழுதுவார்.

அப்புறம் டி.என்.ஏ. வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை டூசே ஆண்கள் சிலர் சோதித்தார்கள். பியர் வழியினருக்கு மேற்கு ஐரோப்பாவில் பரவலான ஆர்1பி வகை வந்தது. சின்ன ஜெர்மேன் வழியினருக்கு வந்தது சி-பி39: வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் காணப்படும் வகை. ஆக, ஆண்வழியில் பியரும் சின்ன ஜெர்மேனும் ஒரே அப்பாவின் பிள்ளைகளாக இருக்க முடியாது. சின்ன ஜெர்மேனின் தந்தைவழி பூர்வகுடி வழி.

என் ஊகம் ஒன்று உண்டு. ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன். சின்னவர் பிறந்தது 1641-ஐ ஒட்டி. பெரியவர் அதற்கு முந்தைய ஆண்டு பெந்தகுவேயில் இருந்தார். அது வபனாகி என்ற பூர்வகுடி மக்களின் நாடு. கப்புச்சின் என்ற சபையைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவிகள் அங்கும் போர்ட் ராயலிலும் ஊழியம் செய்தார்கள். போர்ட் ராயலில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார்கள். காஸ்டினில் 1863-ல் மண்ணுக்கடியிலிருந்து ஒரு செப்புத் தகடு கிடைத்தது: 1648 ஜூன் 8-ல் பாரிஸைச் சேர்ந்த லியோ என்ற கப்புச்சின் துறவி அங்கே அடிக்கல் நாட்டியதைச் சொல்லும் தகடு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தை ஞானஸ்நானம் பெற்று, ஞானத்தந்தையின் பெயரையே வாங்கி, அவர் வீட்டிலேயே வளர்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. வளர்ப்பு மகனாகவும் இருக்கலாம். காகிதம் இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: பியரின் ஆர்1பி அவர் ஐரோப்பியர் என்று மட்டும்தான் காட்டுகிறது. பெரிய ஜெர்மேனின் மகன் என்று காட்டவில்லை. பெரியவரின் டி.என்.ஏ. நம்மிடம் இல்லையே. அதனால் பியருக்கும் அழுத்தமான கோடு போட எனக்கு மனம் வரவில்லை.

டி.என்.ஏ. எதிர்ப்பக்கமும் வெட்டும். அகேடியாவின் இன்னொரு குடியேறியான ழான் பிளான்ஷாரின் மனைவி ரதகோந்த் லாம்பேர், மிக்மாக் என்ற பூர்வகுடிப் பெண் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அவருடைய பெண்வழி வாரிசுகளைச் சோதித்தபோது வந்தது ஐரோப்பிய வகை. பிரெஞ்சுத் தீவான பெல்-ஈலில் குடியேற்றப்பட்ட அகேடியர்களிடம் 1767-ல் வாங்கிய வாக்குமூலத்தில், பிளான்ஷார் மனைவியோடு பிரான்சிலிருந்து வந்தார் என்றுதான் அந்த வீட்டு மருமகன் சொல்லியிருந்தார். மனைவி பெயரை மட்டும் கில்மெத் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். நூறு ஆண்டுக்கு மேலான நினைவு, பெயரைத் தவறவிட்டு ஊரைக் காப்பாற்றியிருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் படத்தோடு வந்த குறிப்பில், சின்ன ஜெர்மேனின் பெயரைச் சொல்லி, வாரிசுகள் அனைவரும் பூர்வகுடி அந்தஸ்து கோரலாம் என்று ஒரு வரி இருந்தது. 2003-ல் கனடா உச்ச நீதிமன்றம் பவ்லி வழக்கில் மேத்தி மக்களின் (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் உருவான சமூகம்) வேட்டை உரிமையை ஏற்ற பிறகு, கிழக்கு மாகாணங்களில் இப்படிக் கோருவோர் பெருகிவிட்டார்கள். மிக்மாக் தலைவர்கள் அதை வெளிப்படையாக எதிர்க்கிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு தலைமுறை மேலே போனால் 4,096 இடங்கள். அதில் பாதி எங்கள் பக்கம். மீதியில் ஓர் இடத்திலோ, உங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் நாலைந்து இடத்திலோ, சின்ன ஜெர்மேன் இருப்பார். அவரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளட்டும். அதை வைத்து, இன்றும் அந்த மண்ணில் வாழும் ஒரு சமூகத்தின் உரிமையில் பங்கு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக நான் கேட்பது இதுதான். பெரிய ஜெர்மேனுக்கு மேலே உள்ள இரண்டு பெயர்களையும் எடுத்துவிடுங்கள். 'பிரீ, 1640 ஆவணப்படி' என்று மட்டும் போடுங்கள். மனைவி இடத்தில் 'பெயர் தெரியவில்லை'. பியருக்குப் புள்ளிக்கோடு. சின்ன ஜெர்மேனுக்கு வேறு நிறத்தில் ஒரு கோடு, பக்கத்தில் சோதனை முடிவு. அவரைப் படத்தை விட்டு எடுத்துவிட வேண்டாம். டூசே என்ற பெயரோடு வாழ்ந்து, பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தவர் அவர். அந்தஸ்து பற்றிய வரியை நீக்கிவிடுங்கள். படம் அச்சடிக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், பிரீ வட்டாரத்துப் பழைய நோட்டரி ஏடுகளையும், லா ரோஷெல் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுத்த ஒப்பந்தங்களையும் ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நான ஏடு போன இடத்தில் கடன் பத்திரமோ பாகப்பிரிவினையோ பேசும். என் வேலையில் நான் கண்டது அது.

அடுத்த படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். சின்னப் பேரனின் பிறந்த ஆண்டு ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. அதற்குச் சான்றிதழ் கையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
டூசே வீட்டுச் சம்பந்தி