உதிரிப்பூவும் கட்டின சரமும்

அம்பத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

நீ நாகர்கோவிலிலிருந்து பஸ் பார்சலில் போட்டுவிட்ட பழைய மீன்வலை மூட்டை வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. மூட்டையை அவிழ்த்த அன்றைக்கே எங்கள் பிளாஸ்டிக் ஷெட் வாட்ச்மேன் வந்து, "சார், உள்ள யாராவது கருவாடு காயப்போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். நாலு தண்ணீர் விட்டு அலசியும் வாசனை முழுசாகப் போகவில்லை. இந்தக் கடிதத்தில்கூட அடிக்கலாம், மோந்து பார்த்துக்கொள்.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இந்தப் பழைய வலையை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்பது ஒன்று. "பாலிமரில் இனிப் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன சார் பாக்கி இருக்கு?" என்று உன் மாணவன் கேட்டானே, அது மற்றொன்று. அவனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் வலை அதற்குள்ளேயே வந்து சிக்கிக்கொள்ளும்.

போன வெள்ளிக்கிழமை பஸ் வர நேரமாயிற்று. நிறுத்தத்துப் பூக்கார அம்மா உதிரி மல்லியையும் கனகாம்பரத்தையும் ஒரே கூடையில் கொட்டி இரண்டு குலுக்குக் குலுக்கினார். வெள்ளையும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்துபோயிற்று. பக்கத்தில் கட்டி முடித்த சரங்கள் பந்துபந்தாக இருந்தன. அந்தப் பந்துகளைக் கூடையில் போட்டு விடிய விடியக் குலுக்கினாலும் மல்லி மல்லியாகவும் கனகாம்பரம் கனகாம்பரமாகவும்தான் கிடக்கும். நூலில் கோத்த பூ தனியாக எங்கே போக முடியும்?

1940-களின் தொடக்கத்தில் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியாகப் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். சின்ன மூலக்கூறுகள் கலந்தால் கிடைக்கும் தாறுமாறு (என்ட்ரோபி) என்கிற லாபம், பாலிமர் என்னும் நீளச் சங்கிலிகள் கலந்தால் அநேகமாகக் கிடைக்காது. பரீட்சைக்கு அந்தச் சமன்பாட்டை நீ மனப்பாடம் செய்தாய், நான் உன்னைப் பார்த்து எழுதினேன். எனக்கு அது விளங்க ஒரு பூக்கூடை வேண்டியிருந்தது.

ஆக, இரண்டு பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கினால் பெரும்பாலும் தாமரை இலைத் தண்ணீர்தான். பத்துப் பொருத்தமும் அமைந்த ஜோடி எப்போதாவது வரும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஆலன் ஹே 1956-ல் பிபிஓ (பாலிபினைலீன் ஆக்சைடு) என்ற பாலிமரைச் செய்தார். சூட்டுக்கு அசராத பொருள், ஆனால் 200 டிகிரியைத் தாண்டினால்தான் இளகவே தொடங்கும். ஓட வைக்கும் அளவுக்குச் சூடேற்றினால் அதுவே கெட்டுப்போகும். அச்சில் வார்ப்பவன் என்ன செய்வான்? 100 டிகிரியில் இளகும் சாதாரண பாலிஸ்டைரீனைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் மூலக்கூறு அளவிலேயே கரைந்துவிட்டன! கலக்கும் விகிதத்துக்குத் தக்கபடி நடுவில் ஒரே வெப்பநிலையில் இளகியது. 1966-ல் 'நோரில்' என்று விற்பனைக்கு வந்தது. தனியாக விலைபோகாத மாப்பிள்ளைக்கு எளிய இடத்தில் பெண் பார்த்துக் குடும்பம் நடத்த வைத்த மாதிரி.

அந்த யோகம் இல்லாதபோதுதான் கோபாலிமர். பூக்கடை மொழியில் கதம்பம். ஒரே சரத்தில் இரண்டு மூன்று பூ. நம் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்று மூன்று: ஒன்று எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் அசராது, ஒன்று அடி தாங்கும், ஒன்று பளபளப்பும் சுலபமான வார்ப்பும் தரும். பூவை ஒன்றுவிட்டு ஒன்றாகவும் கட்டலாம், அரை முழம் மல்லி அரை முழம் கனகாம்பரம் என்றும் கட்டலாம், மல்லிச் சரத்தில் கனகாம்பரக் குஞ்சம் தொங்கவிடவும் செய்யலாம். பூ அதேதான், கட்டும் விதத்தில் பொருளின் குணமே மாறிவிடுகிறது. உன் பையனிடம் இந்த இடத்தை அழுத்திச் சொல். புது மூலப்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துத் தொழிற்சாலை கட்டுவது கோடீசுவரன் வேலை. இருக்கிற பூவையே வேறு விதமாகக் கட்டுவதில் இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது.

சரி, வலைக்கு வருகிறேன்.

நீ அனுப்பியதில் தங்கூசி வலை நைலான் 6. பச்சை நிற இழுவை வலை ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடின பாலிஎத்திலீன். கயிறுகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். பிரிப்பதற்கே இரண்டு பேருக்கு ஒரு நாள் போயிற்று. அரைத்துப் பார்த்தால் மணல்! பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் சல்லடை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அடைத்துக்கொண்டது. ஒரு தடவை கழற்றிப் பார்த்தபோது நசுங்கின ஈயத் துண்டு ஒன்று மெஷ்ஷில் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நைலான் ஓடும் சூட்டில் ஈயம் உருகாது. எங்கள் ஆபரேட்டர் உன் ஊர்ப் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தார், அதை எழுத முடியாது.

முதல் ஓட்டத்தில் எண்பது பங்கு நைலான், இருபது பங்கு ஹெச்டிபிஇ, வேறு எதுவும் சேர்க்கவில்லை. எக்ஸ்ட்ரூடரின் வாயான டையிலிருந்து இழை வெளியே வந்ததும் புடைத்தது, மேலெல்லாம் சொரசொரப்பு, தண்ணீர்த் தொட்டிக்குள் போகுமுன் பொட்டென்று அறுந்தது. கட்டையாக வந்த ஒரு துண்டை ஆறவிட்டு நகத்தால் கீறினேன். வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்தது. உள்ளே ஹெச்டிபிஇ பெரிய பெரிய துளிகளாக நைலானோடு ஒட்டாமல் கிடக்கிறது என்று மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரிந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் மாலெயிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனத்தை ஒட்டவைத்த பாலிஎத்திலீனை நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தேன். செல்வா, அதைப் பார்க்க நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ வேகத்தைத் தொடவில்லை, சூட்டையும் மாற்றவில்லை. ஹாப்பரில் புதுக் கலவை விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டர் முள் தானாக மேலே ஏறியது. பிறகு இழை வழவழப்பாக, தந்த நிறத்தில், அறுந்துபோகாமல் தொட்டி முழுக்க நீந்திப் போய் கட்டரில் விழுந்தது.

முள் ஏன் ஏறியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நைலான் சங்கிலியின் ஒரு நுனியில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி இருக்கிறது. அது அன்ஹைட்ரைடைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறது. நைலான் சரத்தில் பாலிஎத்திலீன் குஞ்சம் தொங்கும் ஒரு புதுக் கோபாலிமர் அங்கேயே, பேரலுக்குள்ளேயே பிறக்கிறது. அதனால் உருகின குழம்பு கெட்டியாகிறது, மோட்டார் திணறுகிறது. இரண்டு பொருளும் தொடுகிற எல்லையிலேயே அது உண்டாவதால் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். துளிகள் மறுபடி ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் அது தடுத்துவிடுகிறது. எந்தக் கடையிலும் அந்தக் கோபாலிமரை மூட்டையாக வாங்க முடியாது. நாங்கள் வாங்குவது அதன் விதையை மட்டும்.

இதே வித்தையில்தான் டூபாண்ட் கம்பெனி ரப்பரைக் கலந்து உடையாத நைலான் செய்தது. அங்கேயே இருந்த வூ என்பவர் 1985-ல் ஒன்றைக் காட்டினார். ரப்பர் துளி எவ்வளவு சிறியது என்பதைவிட, துளிக்கும் துளிக்கும் நடுவே நிற்கும் நைலான் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதே முக்கியம். அது ஒரு மைக்ரானில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால் பொட்டென்று உடைகிற பொருள் வளைந்து கொடுக்கிற பொருளாகிவிடும். நம்முடையதில் ரப்பர் இல்லை, அந்த அளவுக்கு எதிர்பார்க்காதே.

மூன்றாவது ஓட்டம் சொதப்பல். தப்பு எங்களுடையதுதான். மழை நாளில் அந்த மாலெயிக் மூட்டையைத் திறந்தவர்கள் வாயைக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். அன்ஹைட்ரைடு ஈரத்தைக் குடித்து அமிலமாகிவிட்டால் அமீனைப் பிடிப்பதில் பழைய வேகம் இருக்காது. போதாததற்கு நைலானையும் அவசரத்தில் சரியாக உலர்த்தவில்லை. 80 டிகிரியில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டியதை மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். உருகும் சூட்டில் தண்ணீர் இருந்தால் அது நைலான் சங்கிலியையே வெட்டும். இழை நுரைத்துக்கொண்டு வந்தது. ஃபார்முலா அதே, காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆய்வகத்தில் பிறக்கிற கலவைகளில் பாதி இப்படித்தான் எங்கள் ஷெட்டில் செத்துப்போகின்றன என்று உன் மாணவனுக்குச் சொல். ஆய்வறிக்கையில் மூட்டையின் வாயைக் கட்டச் சொல்லி யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் அந்தக் கயிறு. ஹெச்டிபிஇயும் பாலிபுரொப்பிலீனும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட பங்காளிகள். பங்காளிகள் என்பதால்தானோ என்னவோ, ஒட்டவே மாட்டார்கள். அமீன், அன்ஹைட்ரைடு மாதிரி கைகோக்க எதுவும் இரண்டிலும் கிடையாது. 2017-ல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு முழம் பாலிஎத்திலீன், ஒரு முழம் பாலிபுரொப்பிலீன், மறுபடி அது, மறுபடி இது என்று நாலு துண்டுச் சரம் கட்டினார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே முறிந்துபோகிற கலவை இழுத்தால் நீள்கிற பொருளாகிவிட்டது. அதற்கு முன்பே, 2006-ல், டௌ கம்பெனி ஒரே உலையில் இரண்டு வினையூக்கிகளை வைத்தது. ஒன்று விறைப்பான துண்டைக் கட்டும், மற்றொன்று இளக்கமான துண்டைக் கட்டும். பாதி கட்டின சரத்தைத் துத்தநாகச் சேர்மம் ஒன்று ஒரு கையிலிருந்து வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து பூக்கட்டும் அக்கா தங்கையைப் பார்த்திருக்கிறாயா, அதேதான். உன் பையனுக்கு ஆராய்ச்சிக்குத் தலைப்பு வேண்டுமென்றால் இந்தப் பக்கம் தள்ளிவிடு. பிரிக்காமல் அப்படியே அரைத்துப்போடும் கயிறும் வலையும் ஒட்டுவதற்கு மலிவாக ஒரு சரம் கட்டிக் கொடுத்தான் என்றால் நான் வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். மூத்தவள் வேலைக்குப் போகிறாள். எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, மாடிப்படி ஏறும்போது ஹாஸ்டல் நாட்கள் ஞாபகம் வருகிறது. மூன்று மாடியை இரண்டு இரண்டு படியாகத் தாவின கால் இது.

இன்னும் இரண்டு மூட்டை அனுப்பு, தங்கூசி வலை மட்டும். ஈயக் குண்டுகளை அங்கேயே வெட்டி எடுத்துவிடச் சொல், உப்பும் மணலும் போகக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு முறை அலசச் சொல். காலியாக இருக்கிற மூலையில் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, தனிப் பொட்டலமாக மட்டும் கட்டு.

இதோடு நாற்காலிக் காலுக்குப் போடும் புஷ் எட்டு வைத்திருக்கிறேன், உன் வலையில் செய்தது. நாலு இரண்டாவது ஓட்டம், பச்சை மை புள்ளி வைத்த நாலும் மூன்றாவது ஓட்டம். உன் வகுப்பு நாற்காலிகளில் மாட்டிப் பார். எதாவது உடைந்தால் உடைந்த முகத்தைத் தேய்க்காதே, துடைக்காதே, பஞ்சில் சுற்றி அப்படியே அனுப்பு. அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

உன்
குமார்