மாரிக்கு முன் ஜக் காலுக்கு ஒரு பலகை: வன்னிப் பிரதேச சபைகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் செயலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

ஐப்பசி பிறந்தால் தெருவிளக்குத் திருத்தமும் கொப்பு வெட்டும் கூடிவிடும். பூம் லொறி (ஆள் நிற்கும் பக்கெற்றை, பூம் என்ற நீண்ட கையால் உயரத் தூக்கும் லொறி) வாடகைக்கான கேள்விப்பத்திரத்தை எழுதமுன் இதை வாசியுங்கள்.

லொறி சரிந்தால் சாரதியைக் குறை சொல்வது வழக்கம். எங்கள் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, லொறி சரியாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி நிலத்தில் ஊன்றும் ஜக் காலுக்குக் கீழே உள்ள மண்ணை. 20க்கு 20 சென்ரிமீற்றர் தட்டுள்ள காலில், பூம் அந்தப் பக்கம் நீளும்போது 2 தொன் இறங்கினால், சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோ. மழையில் ஊறிய களி 1 கிலோவையே தாங்காது. அதே காலுக்குக் கீழ் 60க்கு 60 பலகை வைத்தால் 0.56 கிலோதான். பலகை வளையக் கூடாது. வளைந்தால் பாரம் நடுவிலேயே நிற்கும், வைத்தும் வைக்காத கதைதான். சிலிப்பர் கட்டைத் (தண்டவாளத்துக்குக் கீழே போடும் கட்டை) துண்டுகளை நெருக்கி அடுக்கி, மேலே குறுக்காக இன்னொரு வரிசை போட்டால் வளையாது.

கிரவல் போட்ட வீதியோரம் ஏமாற்றும். காலால் தட்டினால் கல்லுப்போல இருக்கும், ஒரு அடிக்குக் கீழே களி. முருங்கன் பக்கத்துக் களி கோடையில் வெடித்துக் கிடக்கும், மாரியில் சேறு. குழாய் புதைத்து மூடிய பள்ளத்திலும் வடிகான் மூடியிலும் கால் ஊன்றவே கூடாது. திறந்த பள்ளம் 1 மீற்றர் ஆழமென்றால் இறுகிய மண்ணில் 1 மீற்றராவது, இளகிய மண்ணில் 2 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும்.

காலை இறக்கியதும் ஆளில்லாத பக்கெற்றைத் தாழ வைத்து, ஒவ்வொரு காலின் பக்கமும் சுழற்றி, பலகை அமிழ்கிறதா என்று பாருங்கள். மழை ஒன்று பெய்து ஓய்ந்தால் லொறியின் சரிவைக் காட்டும் மட்டக் குமிழியை மறுபடி பார்க்க வேண்டும். 3 பாகை சரிந்தாலே, 10 மீற்றர் உயரத்தில் பக்கெற் அரை மீற்றர் வெளியே போய்விடும். அது அமிழ்ந்த காலில் இன்னும் பாரம் ஏற்றும், கால் மேலும் அமிழும். தொடங்கிய சரிவு தானாக நிற்பதில்லை.

ஏ9 வீதியில் வாகனம் போகட்டும் என்று வீதிப்பக்கக் காலைப் பாதி நீட்டுவதும், அதற்காக, கால் முழுதும் நீளாவிட்டால் பூமைத் தடுக்கும் பாதுகாப்புச் சுவிச்சை வேலை செய்யாமல் கட்டிவிடுவதும் ஆளைக் கொல்லும் பழக்கம். கூம்புகளும் கொடி பிடிக்க இருவரும் தாருங்கள். பக்கெற்றில் நின்று கொப்பைக் கயிற்றால் இழுக்க விடாதீர்கள். பெல்ட் கொளுக்கி பக்கெற் வளையத்தில் மாட்டப்பட வேண்டும், மின்கம்பத்தில் அல்ல. கம்பத்தில் மாட்டினால், லொறி அசையும்போது அவர் இரண்டுக்கும் நடுவில் இழுபடுவார். அவசரத்தில் பூமை இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே எப்போதும் நிற்க வேண்டும். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வாளியில் ஆளேற்றும் வேலையை முற்றாக நிறுத்துங்கள்.

இவ்வளவும் தெரிந்த ஆட்களே பலகையை லொறியிலேயே விட்டுவிடுவது, “விளக்குக்கு இவ்வளவு” என்று நீங்கள் காசு கொடுப்பதால். ஒரு கம்பத்தில் பலகை வைத்துக் கால் இறக்க 10 நிமிடம் என்றால், 30 கம்பத்துக்கு 5 மணித்தியாலம். அந்த 5 மணித்தியாலத்துக்கு இப்போது கூலி இல்லை. நாட்கூலியாக மாற்றுங்கள். லொறிக்கு 4 பலகை என்பதையும் கேள்விப்பத்திரத்தில் எழுதி, வேலை தொடங்குமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவற்றை எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடட்டும்.

இப்படிக்கு,
வன்னியில் உயரத்தில் வேலை செய்யும் மின் தொழிலாளர்கள்