ஒரு பருவமாவது பொறுங்கள், நிபுணர்களே

தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி அலசும் பெரியோர்களுக்கு,

வணக்கம். நேற்றிரவு உங்களில் ஒருவர், டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முன்வரிசையில் எடுக்கப்பட்ட ஒரு பையனை ஒன்பதே ஆட்டத்தில் "இவன் தேற மாட்டான்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். பையனுக்கு வயது 18.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: முதல் பருவப் புள்ளிகளை (அடித்த கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்த கணக்கை) வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மாண்ட்ரியல் அணியின் கதை உங்களுக்கு மறந்திருக்காது. 2022 டிராஃப்டில் ஷேன் ரைட் வருவார் என்று பலர் காத்திருக்க, யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலாவதாக எடுத்தார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 ஆட்டத்தில் 7 கோல் என்று கொண்டாடினோம். அந்த ஒலிம்பிக்குக்கு வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்எச்எல்லின் வீரர்கள் போகவே இல்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் எல்லோர் குரலும் இறங்கிவிட்டது. அதே பருவத்தில் பின்லாந்து லீகில், வளர்ந்த ஆண்களோடு 31 ஆட்டம் ஆடி அவர் எடுத்தது 10 புள்ளி. மாண்ட்ரியலில் முதல் பருவத்தில் 39 ஆட்டத்தில் 4 கோல், 6 அசிஸ்ட், அதே 10 புள்ளி. அவரை ஐஸில் ஆடவிட்டதுகூட ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம்தான். அப்புறம் முழங்காலில் அடி, பருவமே முடிந்தது. இதில் ஏமாந்துபோக என்ன இருந்தது? மறு பருவம் 82 ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். முந்தைய ஆண்டு பேசியதற்கு வருத்தம் தெரிவித்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

கானர் பெடார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனியர் (இளையோர்) லீகில் 57 ஆட்டத்தில் 143 புள்ளி. என்எச்எல்லில் சிகாகோ அணிக்கு ஆடி, தாடை உடைந்த முதல் பருவத்தில் 68 ஆட்டத்தில் 61. அதற்கே சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் கோப்பை கிடைத்தது. ஜாக் ஹியூஸ், அலெக்ஸி லாஃப்ரெனியேர் இருவரும் முதலிடத் தேர்வுகள்தான், முதல் பருவத்தில் ஆளுக்கு 21 புள்ளி. ஹியூஸ் நான்காம் பருவத்தில் 99 எடுத்தார். நீங்களோ சிட்னி கிராஸ்பி தன் முதல் பருவமான 2005-06இல் எடுத்த 102 என்ற அளவுகோலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறீர்கள். அந்தப் பருவத்தில் பவர்பிளே (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்க, கூடுதல் ஆளோடு ஆடும் வாய்ப்பு) எப்படிக் குவிந்தது என்பது உங்களுக்குத் தெரியாததா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். 1997இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜோ தார்ன்டன் முதல் பருவத்தில் 55 ஆட்டத்தில் 7 புள்ளி எடுத்தார். 1,539 புள்ளியோடு ஓய்வு பெற்றார். அந்த முளையில் உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?

சரி, உங்கள் பிழைப்பும் புரிகிறது. இரண்டு பந்தய விளம்பரங்களுக்கு நடுவே கிடைக்கும் நான்கு நிமிடத்தில் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? யாரையாவது வறுத்தால்தானே கடை ஓடும். பதினெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் திருப்பியும் பேச மாட்டான், வசதி.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது, மன்னியுங்கள். முதல் பருவத்தில் தீர்ப்பு வேண்டாம் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன். அதுவும் முடியாதென்றால், அடுத்த முறை அந்தப் பையனின் புள்ளியைத் திரையில் போடும்போது, பக்கத்திலேயே எத்தனை நிமிடம் ஆடினான், எந்த லைனில் (சேர்ந்து இறங்கும் முன்கள வீரர் குழுவில்) ஆடினான் என்பதையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சியை இன்னும் விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்