அந்த இரண்டு ஓவருக்குச் சிரிக்காதீர்கள்

கிரிக்கெட் வினாடி வினா நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவர் நடத்திய போட்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன். முதல்தர கிரிக்கெட்டில், அதாவது பெரிய அணிகள் மோதும் பல நாள் ஆட்டங்களில், மிகக் குறைவாக ஆடியவர் யார் என்று ஒரு கேள்வி. ஃபிரெட் ஹைலண்ட், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் அணி, 1924, மொத்தமே இரண்டு ஓவர் என்று பதில் திரையில் வந்ததும் அரங்கமே சிரித்தது, கேள்வி கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மனசே சரியில்லை.

நடந்தது இவ்வளவுதான். நார்தாம்ப்டனில் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிரான கவுண்டி (இங்கிலாந்து மாவட்ட அணிகளின்) ஆட்டம், ஹாம்ப்ஷயர் ஃபீல்டிங். இரண்டு ஓவர் போட்டார்கள், விக்கெட் இழப்பின்றி ஒரு ரன். அப்புறம் மழை. அதற்குப் பிறகு ஹைலண்டை யாரும் கூப்பிடவில்லை. அவர் பெயருக்கு நேரே ரன் இல்லை, விக்கெட் இல்லை, பிடிக்க ஒரு கேட்ச்கூட வரவில்லை.

ஆனால் அந்த மைதானத்துக்குள் அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று யோசித்தீர்களா? கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு முப்பது வயது. ஒரு ஆட்டக்காரன் வளர வேண்டிய இருபதுகளின் தொடக்கத்தில் உலகப்போர் வந்துவிட்டது, 1915 முதல் 1918 வரை கவுண்டி சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. அவர் பொழுதுபோக்குக்கு ஆட வந்த பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்லை, சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். அமெச்சூர்களுக்கு ஒரு உடைமாற்றும் அறை, கூலிக்கு ஆடுபவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. ஹாம்ப்ஷயரில் அப்போது ஆடிக்கொண்டிருந்த பில் மீட் அந்த ஒரே அணிக்காக 48,892 ரன் எடுத்தவர், அவரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். மீட், கென்னடி, நியூமன் மாதிரி ஆட்கள் இருக்கும் அணியில் பதினொருவரில் ஒருவனாக நிற்பது சும்மா கிடைக்கிற இடமா, சொல்லுங்கள்.

அதே 1924 கோடையில், ஓல்ட் டிராஃபோர்டில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்தின் ஜாக் மெக்பிரையன் தன் ஒரே டெஸ்டை ஆடினார். அங்கேயும் மழைதான், மூன்று மணி நேர ஆட்டம்கூட நடக்கவில்லை. அவரும் மட்டையைப் பிடிக்கவில்லை, பந்து வீசவில்லை. அவர் கதையை நீங்கள் எல்லோரும் பாவம் என்றுதான் சொல்கிறீர்கள். ஹைலண்டுக்கு மட்டும் ஏன் சிரிப்பு?

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் கேள்வியில் சேர்ப்பதே இல்லை. ஹைலண்ட் அப்புறம் செஷயர் பக்கம் போய் நர்சரி வைத்தார், செடி வளர்ப்பதில் அந்த வட்டாரத்தில் பேர் சொல்லும் ஆளானார். அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையை 1962 கடைசியில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு 1964 பிப்ரவரியில் அவர் இறந்தபோது, இரண்டு ஓவர் மட்டுமே மைதானத்தில் நின்ற மனிதருக்கு, கிரிக்கெட்டின் புகழ்பெற்ற ஆண்டு நூலான விஸ்டன் இரங்கல் குறிப்பு போட்டது.

கேள்வியைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. பதில் வரும் திரையில் நர்சரியைப் பற்றி ஒரு வரி சேருங்கள், கேட்பவர் சிரிக்காமல் அதைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும். அது போதும்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளுக்குத் தவறாமல் வரும் ஒருவன்