2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை: நகரமன்றத்தில் தியாகராயர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தியாகராய நகரின் குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் நகருக்குப் பெயராக நிற்கும் சர் பிட்டி தியாகராயர் மறைந்து 2025இல் 100 ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இவ்வாண்டின் சொற்பொழிவுகளும் மாணவர் கட்டுரைப் போட்டியும் அவருடைய நகரமன்றப் பணி ஒன்றையே பொருளாகக் கொண்டு நடைபெற்றன. அவரை நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராக அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் கட்சி தோன்றுவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அவர் சென்னை மாநகராட்சியின் உறுப்பினராகிவிட்டார் என்பதை, முதல் சொற்பொழிவுக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் அன்றுதான் கேள்வியுற்றனர்.

1852இல் பிறந்து மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற தியாகராயர், வண்ணாரப்பேட்டையில் நெசவுக்கூடம் நடத்தி, கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் புதிய தறிகளைப் புகுத்தியவர். 1882இல் மாநகராட்சிக்குள் நுழைந்தவர், ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். மாநகராட்சி இன்றைய ரிப்பன் மாளிகைக்குக் குடிபெயர்ந்த 1913ஆம் ஆண்டிலேயே அவர் 30 ஆண்டு அனுபவமுள்ள மூத்த உறுப்பினர். திருவல்லிக்கேணியின் உறுப்பினராக இருந்த டாக்டர் டி. எம். நாயரும் அவரும் மன்றத்தில் எதிரெதிர் அணியினர். அவர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்ததில் டாக்டர் நடேசனாரின் பங்கு பெரிது. அதன் விளைவாக 1916இல், பின்னர் நீதிக்கட்சி என அறியப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்த வரலாற்றை இங்கு விரிக்கவில்லை. அது வேறு மேடைகளில் போதிய அளவு பேசப்படுகிறது.

1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தையடுத்து, அரசு அதிகாரியல்லாத ஒருவர் மன்றத்தின் தலைவராக அமர வழி பிறந்தது. அவ்வாறு அமர்ந்தவர்களுள் முதலாமவர் தியாகராயரே. மேயர் என்னும் பதவி 1933இல்தான் வந்தது என்பதால், இன்றைய மேயர் இருக்கைக்கு முன்னோடி என அவரைக் கூறலாம்.

அவர் தலைமையில் மன்றம் எடுத்த முடிவுகளுள் நம் சங்கம் அதிக நேரம் செலவிட்டது 1920 செப்டம்பர் 16ஆம் நாள் தீர்மானத்தின் மீதாகும். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மிகவும் ஏழைகள் என்றும், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்றும் தலைவரே எடுத்துரைத்ததன்பேரில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசு இசையாததால் 1925 ஏப்ரல் முதல் நாள் திட்டம் நின்றது. தியாகராயர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

இதில் உறுப்பினர்கள் கருதிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அன்றைய மாநகராட்சித் தேர்தலில் அனைவருக்கும் வாக்குரிமை இல்லை. வரியும் சொத்தும் உடையவர்களே வாக்காளர்கள். ஓரணாச் சிற்றுண்டி உண்ட பிள்ளைகளின் பெற்றோருள் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே சென்றிருக்க இயலாது. தமக்கு வாக்களிக்க முடியாதவர்களின் பிள்ளைகளுக்காக, வரி செலுத்துவோரின் பணத்தைச் செலவிட மன்றத்தை இணங்கச் செய்தார் என்பதே, என் கருத்தில், அவருடைய 40 ஆண்டுப் பணியின் உச்சம். பிற்காலத்தில் காமராசர் மாநிலம் முழுவதும் விரித்த மதிய உணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இந்த ஐந்து பள்ளிகளோடு சேர்த்தே பேசப்பட வேண்டியவை.

சிற்றுண்டித் தீர்மானம் நிறைவேறிய அதே ஆண்டின் இறுதியில் நடந்த மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது, ஆளுநர் வெலிங்டன் பிரபு முதலமைச்சர் பொறுப்பை ஏற்க அவரை அழைத்தார். அவர் மறுத்துவிடவே, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் அப்பொறுப்பை ஏற்றார். மாகாணப் பதவியை விடுத்தவர் மாநகராட்சித் தலைமையை மட்டும் விடவில்லை. வேல்ஸ் இளவரசரை வழக்கமான வெள்ளுடையிலேயே வரவேற்றார் என்னும் செய்தியைச் சொற்பொழிவாளர்கள் அனைவரும் தவறாமல் குறிப்பிட்டனர். கைதட்டலும் அதற்கே மிகுதி. வேட்டியைவிட ஓரணாவுக்குக் கூடுதல் கைதட்டல் கிடைத்திருக்கலாம் என்பது செயலாளரின் தனிப்பட்ட ஆதங்கம்.

1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய குடியிருப்புக்கு அவர் பெயரும், அதன் நடுவிலுள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயரும் சூட்டப்பட்டன. ஏரி இருந்த இடம் என்பதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் நமக்கு நினைவூட்டத் தவறுவதில்லை. இவ்வாண்டும் மழைநீர் வடிகால் குறித்த நம் கோரிக்கைகளைப் பகுதி சபைக் கூட்டத்தில் எழுத்து மூலம் அளித்துள்ளோம்.

மாநகராட்சி இன்று 200 வார்டுகளாக விரிந்து, அவற்றுள் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கட்டுரைப் போட்டியில் மாணவியர் பலர் இதையே எடுத்துக்கொண்டு, தியாகராயர் காலத்து மன்றத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தனர். மனப்பாடமாக எழுதிய வாழ்க்கை வரலாறுகளைக் காட்டிலும் அவை மேலானவை என நடுவர்கள் கருதினர். பரிசுகளும் அவற்றுக்கே சென்றன.

செப்டம்பர் 16ஆம் நாள் தீர்மானத்தின் சுருக்கத்தைத் தமிழில் பொறித்து நம் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் வைக்க இசைவு வேண்டி, மாமன்ற உறுப்பினரிடம் மனு அளித்திருக்கிறோம். விடை கிடைத்ததும் செலவு மதிப்பீடு செயற்குழுவின் முன் வைக்கப்படும்.

சொற்பொழிவுகளுக்கு இடம் தந்தோருக்கும், பழைய குறிப்புகளைத் தேடித் தந்த மூத்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் வழங்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்