ஸ்கேன் படத்தில் தெரியாத நோய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனச்சோர்வை இனி மூளைப் படமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பொருளில் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த செய்தியையும், அதற்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாக அச்சாகியிருந்த மூளைப் படத்தையும் கண்டேன். பினாங்கில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் செய்தி சொல்லாமல் விட்டது பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த நிறங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் தருவது கறுப்பு வெள்ளைப் படம்தான். இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு மாறும்போது எம்.ஆர்.ஐ. சமிக்ஞையும் மாறுவதை 1990ல் ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா காட்டினார். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்கும் முறை அதிலிருந்து பிறந்ததே. வேலை செய்யும் பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. அந்த மாற்றம் சில வினாடிகள் தாமதித்தே தெரிகிறது, அளவிலும் பெரும்பாலும் ஓரிரு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. பலருடைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கணக்குப் போட்டு, ஒரு வரம்பைத் தாண்டிய இடங்களுக்குக் கணினி நிறம் பூசுகிறது. கணக்கில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, 2009ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்துப்போன சால்மன் மீனை இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையிலும் நிறப்புள்ளியை வரவழைத்தார்கள். கேலிபோல் தெரிந்தாலும், அத்துறையினர் கணக்கைத் திருத்திக்கொள்ள உதவிய ஆய்வு அது.

மனச்சோர்வு பற்றிய ஆய்வுகள் பொய்யல்ல. 2016ல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மனச்சோர்வுள்ள 1,728 பேரின் படங்களையும் நோயில்லாத 7,199 பேரின் படங்களையும் ஒப்பிட்டார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நோயுள்ளவர்களிடம் சராசரியாகச் சுமார் 1.2 விழுக்காடு சிறியதாக இருந்தது. அறிவியலுக்கு அது பயனுள்ள செய்தி. ஆனால் நோயில்லாதவர்களுக்குள்ளேயே அந்தப் பகுதியின் அளவு அதைவிடப் பல மடங்கு வேறுபடுகிறது. நூறு பேரின் படங்களைக் கலைத்துப் போட்டு, இவர்களில் மனச்சோர்வுள்ளவர் யார் என்று கேட்டால் எங்கள் பிரிவின் மூத்த மருத்துவரும் கையை விரித்திருப்பார். மூளைப் படத்தையும் மனநிலையையும் இணைத்து நம்பத்தக்க முடிவு சொல்ல ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது; வழக்கமாக இத்தகைய ஆய்வுகளில் இருப்பவர்களோ ஏறத்தாழ 25 பேர்தான்.

பக்கவாதம் கண்டவரைத் தள்ளிக்கொண்டு வரும்போது கதையே வேறு. இரத்தக் கசிவா அடைப்பா என்பதை சிடி ஸ்கேன் சில நிமிடங்களில் சொல்லிவிடும்; அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா கூடாதா என்பது அந்தப் படத்தைப் பொறுத்தது. கட்டி, வலிப்பு நோய்க்குக் காரணமான தழும்பு ஆகியவற்றுக்கும் படம் உயிர்காக்கும் கருவி. ஒருவருடைய குணம் திடீரென்று மாறினால், மூளையில் வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய மனநல மருத்துவரே ஸ்கேன் கேட்பதுண்டு. அங்கே தேடுவது மனநோயை அல்ல, அதுபோல் தோற்றம் காட்டும் வேறொன்றை.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் தீங்கை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பல மாதமாக வேலைக்குப் போகாமல், சரியாகச் சாப்பிடாமல் படுத்துக் கிடந்த மகனை, மருத்துவர் யாரும் சொல்லாமலேயே, நகையை அடகு வைத்த பணத்தோடு ஒரு தாய் ஸ்கேனுக்கு அழைத்து வந்தார். அறிக்கையில் 'நார்மல்' என்று வந்தது. தாய் அழுதே விட்டார், மகிழ்ச்சியில். தகப்பனாரோ மகனைப் பார்த்து, "மூளை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்னடா நடிப்பு?" என்றார். அந்தப் பையனின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. நோய் இல்லை என்று அந்தப் படம் சொல்லவில்லை. அந்த நோயைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை, அவ்வளவுதான்.

மனநலப் பிரிவின் வாசலை மிதிக்க நம்மவர்களுக்குக் கூச்சம். யாராவது சற்றுக் குழம்பிப் பேசினாலே, மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லி, 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு' என்று கிண்டல் செய்து பழகிய வாய் நம்முடையது. இயந்திரத்துக்குள் படுத்துவிட்டு வந்தால் அந்தப் பேச்சு வராது என்று பெற்றோர் நினைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனச்சோர்வைக் கண்டறியும் வழி இன்றும் மருத்துவர் எதிரே அமர்ந்து தூக்கம், பசி, எண்ணங்கள் பற்றிப் பொறுமையாக விசாரிப்பதுதான். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கிருந்தே மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

மூளை ஆய்வுச் செய்திகளைத் தாங்கள் நிறுத்த வேண்டும் என்று கேட்கவில்லை. தமிழில் அவை வருவதே அபூர்வம். எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது என்பதைச் செய்தியில் சேர்த்து, வண்ணப் படத்தின் கீழே 'இது ஒருவருடைய மூளை அல்ல, பலருடைய சராசரி' என்று ஒரு வரி போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பிரிவு ஊழியர்,
ஜெலுத்தோங், பினாங்கு