கையைப் பிடித்து வைக்காதீர்கள்: திருகோணமலைக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மிஸ்மார்களுக்கு,

அரச கடிதங்களில் உங்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர். உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் நீங்கள் மிஸ்தான். நானும் அப்படியே தொடங்குகிறேன்.

கடந்த மாதம் என் மகனை நிறுக்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தேன். எந்தக் கிளினிக் என்று எழுதப்போவதில்லை. கடிந்து சொன்ன வார்த்தையும் அங்கே இல்லை. தராசில் தொங்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து வலது கையை மூடி மூடித் திறந்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பால் என்று பொருள். கொஞ்சம் பொறு என்று நானும் கையாலேயே காட்டினேன். எடையை அட்டையில் எழுதிக்கொண்டிருந்த மிஸ் நிமிர்ந்து, "கையைக் காட்டிப் பழக்காதீர்கள் அம்மா, பிறகு பேச்சு வராது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வரிசையில் இருந்த தாய்மாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது. அது என்ன செய்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அது உறுதியானபோது அவனுக்கு இரண்டரை வயது. முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பினான், கொக்கரித்துச் சிரித்தான். காது கேளாத குழந்தையும் அப்படிச் செய்யும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார்கள், திரும்பினான். நிழல் அசைந்ததைக் கண்டு திரும்பினானோ, காற்றுப் பட்டுத் திரும்பினானோ. "ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று அம்மம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். 1990ஆம் ஆண்டில் திருகோணமலையிலிருந்து காது சோதிக்கக் கொழும்புக்குப் போய்வருவது என்ன பாடு என்று அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சைகை காட்டினால் பிள்ளை சோம்பேறியாகிவிடும், வாயைத் திறக்காது என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அம்மா சொன்னதைச் செய்பவர். தம்பியை மடியில் இருத்தி, அவனுடைய இரண்டு கைகளையும் தன் இடது கைக்குள் பிடித்துக்கொண்டு, வலது கையால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார். "அம்மா. சொல்லு, அம்மா." தினமும் அரை மணி நேரம். அவன் திமிறுவான். ஊர் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஏழு வயதில் அவனிடம் ஒரு இருபது சைகை இருந்திருக்கும், அதுவும் அம்மா காணாத நேரத்தில் நானும் அவனுமாக உண்டாக்கியவை. சோறு, தண்ணீர், நாய், கடல், நோவு, அடி. கண்முன்னே இருப்பதைக் காட்ட அவை போதும். நேற்று, நாளை, ஏன், இனி வரமாட்டார் என்பவற்றுக்கு எங்கள் ஒருவரிடமும் கை இருக்கவில்லை.

அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பப்பா இறந்துபோனார். மாலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் கச்சான் சுருளோடு வருகிற மனிதர். அவரைக் கிடத்தியிருந்ததைத் தம்பி பார்த்தான், தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தான். அடுத்த நாளும் ஐந்து மணிக்குப் படலையில் போய் நின்றான். அதற்கடுத்த நாளும். மாதக்கணக்கில் நின்றான். நாங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வருவோம். வேறு என்ன செய்ய?

ஒன்பது வயதில் வெளியூரில் ஒரு விசேட பாடசாலையில் விடுதியோடு சேர்த்தார்கள். சைகை மொழியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது வகுப்பறை அல்ல, இரவில் விடுதியில் மூத்த பிள்ளைகள். முதல் விடுமுறைக்கு வந்தவன் முற்றத்து மண்ணில் ஒரு சைக்கிளை வரைந்தான். பிறகு கைகளால் எதையோ நீளமாகக் கேட்டான். கேள்வி எதைப் பற்றியது என்று தெரிந்தது, கேள்வி தெரியவில்லை. இப்போது அவனிடம் மொழி இருந்தது. வீட்டில் அது இல்லாதவர்கள் நாங்கள்தான்.

மிஸ்மாரே, சைகை பேச்சைக் கெடுக்கும் என்பது நம்முடைய பாட்டிமார் சொன்ன பழமொழி அல்ல. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோர் கல்விக்கான மாநாடு ஒன்று கூடியது. கூடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்கும் ஆசிரியர்கள். பாடசாலைகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சால் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது நாடு நாடாகப் பரவியது. அந்த மாநாட்டின் வழிவந்த சபையே 2010இல் கனடாவின் வன்கூவரில் கூடியபோது அந்தத் தீர்மானத்தை நிராகரித்து, அதனால் விளைந்த கேட்டுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டது. வருத்தம் நம்முடைய கிளினிக் வாங்கு வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இடையில் அறிவியலும் சும்மா இருக்கவில்லை. சைகை மொழி வெறும் அபிநயம் அல்ல, இலக்கணம் உள்ள முழு மொழி என்பதை வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் எடுத்துக்காட்டினார். 1991இல் கனடாவில் லோரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் 'பபபப' என்று உளறும் அதே பருவத்தில், விரல்களால் உளறுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். பொருளில்லாத, ஆனால் ஒழுங்குள்ள கைமழலை. மூளைக்கு வேண்டியது மொழி. அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும் எடுத்துக்கொள்கிறது.

நம் முன்னோருக்கு இதில் ஏதோ பிடிபட்டிருக்கிறது. பிள்ளைத்தமிழ் பாடும் மரபில் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணிப் பருவம் என்று பெயர். குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம். வாய் இன்னும் சொல்லுக்குத் தயாராகாத மாதத்தில் கை தயாராகிவிடுகிறது. உங்கள் அட்டையில் அதே ஒன்பதாம் மாதத்துக்கு எதிரே என்ன இருக்கிறது? சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி. மாவட்டத்தில் உள்ள தாய்மாரெல்லாம் கைக்குழந்தையோடு உங்கள் முன் வந்து அமர்கிற நாள். ஊசி போட்ட பின் உடனே போகவிடாமல் கொஞ்ச நேரம் இருத்தி வைப்பீர்கள் அல்லவா, அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன்.

அந்த நேரத்தில் நாலைந்து சைகைகளைச் சொல்லிக்கொடுங்கள். பால், சோறு, இன்னும் வேண்டும், போதும், நோவு. இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. பால் கொடுக்கப்போகும்போது பால் என்று வாயாலும் சொல்லிக் கையாலும் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும், அதே கையால், குழந்தை முகத்தைப் பார்க்கும்போது. பார்க்காவிட்டால் காத்திருக்க வேண்டும். குழந்தை திருப்பிக் காட்டச் சில வாரங்கள், சில வேளை இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும். காட்டும்போது கோணலாகத்தான் காட்டும். சோற்றைச் 'சோச்சி' என்றால் கொஞ்சுகிறோம், கைமழலையை மட்டும் ஏன் திருத்த வேண்டும்?

என் மகனுடைய முதல் சைகை பாலும் அல்ல சோறும் அல்ல. பதினோராம் மாதத்தில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் நின்றன. மாமன் தோளில் இருந்தவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வைத்து விரல்களை விரித்தான். தம்பி அதை அவனுக்கு எத்தனை முறை காட்டியிருப்பானோ தெரியாது. திரும்பி என்னைப் பார்த்த தம்பியின் முகத்தை எழுத எனக்கு வராது. பிறகு அந்த வாரம் முழுக்க ஆடு, மாடு, தெருநாய், பக்கத்து வீட்டு வாப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாமே மான்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காது கேட்கும் குழந்தைக்குச் சைகை பழக்கினால் அறிவு கூடும், சீக்கிரம் பேசும் என்று கைபேசியில் விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 40 குழந்தைகளை எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம் வரை கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு மற்றவர்களுடையதை முந்தவில்லை. பிந்தவும் இல்லை. ஆனால் சைகை காட்டிய தாய்மார் குழந்தையின் சிறு குறிப்புகளையும் கூடுதலாகக் கவனித்தார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் கண்ட பலன்: அழுகை கொஞ்சம் குறைந்தது. வயிறா பல்லா தூக்கமா என்று இரவு இரண்டு மணிக்குக் குழம்புவது குறைந்தது. அவன் பேச்சுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினேழு மாதத்தில் 'அம்மா', 'மாமா', 'தா', 'காக்கா' என்று ஒரு கைப்பிடிக்கு மேல் சொற்கள் வந்துவிட்டன. சொல் வந்ததும் அதற்கான சைகையைத் தானே விட்டுவிடுகிறான். மாமனிடம் மட்டும் விடுவதில்லை.

அப்படியானால் எல்லாத் தாய்மாருக்கும் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அந்த வாங்கில் இருக்கிற குழந்தைகளில் எதற்குக் காது கேட்கவில்லை என்பது அன்று உங்களுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது என்பதால்தான். அமெரிக்கக் கணக்கின்படி காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். தமிழ் ஒரு பிள்ளைக்கு மடியிலேயே கிடைக்கிறது. சைகை மொழி அப்படிக் கிடைப்பதில்லை, யாராவது வீட்டுக்குக் கொண்டுவந்து தர வேண்டும். வீடு வீடாக வருகிறவர்கள் நீங்கள்தான். பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்று பல நாடுகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்குத் தவறிப்போன பிள்ளைக்குக்கூட, ஒன்பதாம் மாதத்தில் ஐந்து சைகை கிடைத்தால் அது வெறுங்கையோடு இரண்டரை வயது வரை காத்திருக்காது.

ஆனால் அந்த ஐந்து, காது கேளாத பிள்ளைக்கு மொழி ஆகிவிடாது. அதற்கு ஐந்து அல்ல, ஐயாயிரம் வேண்டும். சைகையில் கதை கேட்க வேண்டும், சைகையில் பொய் சொல்லப் பழக வேண்டும். சந்தேகம் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கூடவே, சைகை பேசும் பெரியவர் ஒருவரையும் அந்த வீட்டுக்கு அறிமுகப்படுத்துங்கள். செவிக் கருவி கிடைத்தால் மாட்டட்டும், காதுக்குள் சத்திரசிகிச்சை செய்து கருவி பொருத்த வழியிருந்தால் பொருத்தட்டும். எதற்கும் நான் எதிரியல்ல. கருவி வருவதற்கும் காது பழகுவதற்கும் காலம் எடுக்கும். குளிக்கும்போது, கடலில் இறங்கும்போது கழற்ற வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது. கை எப்போதும் கூடவே இருக்கிறது.

எந்தச் சைகையைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். கைபேசியில் தேடினால் அமெரிக்கச் சைகைதான் முதலில் வரும். அது அமெரிக்கர்களுடைய மொழி. நம் நாட்டுச் சைகையிலும் பாடசாலைக்குப் பாடசாலை சொற்கள் மாறும். தம்பி விடுதியில் கற்றது ஒன்று, கொழும்பில் சந்தித்த நண்பர்கள் காட்டுவது இன்னொன்று. சிரித்துக்கொண்டே சரிசெய்துகொள்கிறார்கள், யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் பேசிக்கொள்வது போல. உங்கள் பிரிவில் வாழும் செவிப்புலனற்ற பெரியவர்கள் காட்டுவதே உங்கள் பிரிவுக்கான சைகை. அவர்களைக் கிளினிக் நாளில் அழைத்து, தாய்மாருக்கு முன்னால் நாற்காலி போட்டு இருத்துங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள்; பஸ் காசும் அரைநாள் கூலியும் கொடுக்க வழி பாருங்கள். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் சைகை மொழியைக் கற்க வகைசெய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மேலதிகாரி கோப்பில் காரணம் கேட்டால் அதை எழுதுங்கள்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமலில்லை. கர்ப்பிணிகளின் பதிவு, திரிபோஷச் சத்துமாப் பகிர்வு, டெங்கு வந்தால் அதற்கும் ஓட்டம். இதையும் தலையில் ஏற்றுகிறாளே என்று சலிப்பு வந்தால் மேலே எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஒரேயொரு வாக்கியத்தை மட்டும் இனிச் சொல்லாமல் இருங்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் என் மகனுக்குப் பதினெட்டாம் மாத ஊசி. மாமனும் கூட வருவான். தையல் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டான். ஊசி குத்தியதும் மகன் ஒரு பாட்டம் அழுவான், பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் உங்களைப் பார்த்து உதறுவான். "முடிந்ததா?" என்று கேட்கிறான். முடிந்திருந்தால் நீங்களும் அதேபோல் உதறிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்